கிளாமர்: ஸ்காட்லாந்தின் பழைய கண்கட்டு

தமிழில் சினிமாச் செய்தி படிக்கிற யாருக்கும் கிளாமர் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கவர்ச்சி, பளபளப்பு, கண்ணை எடுக்க முடியாத அழகு என்று ஏதோ ஒன்று உடனே மனதில் வந்துவிடும். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் ஆங்கிலமே அதைக் கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறது. கொடுத்தது வடக்கே ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழி. இந்தக் கடன் பரவலாகி இருநூறு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகிறது. ஸ்காட்ஸில் அந்தச் சொல்லுக்கு முதலில் அழகு என்ற பொருளே கிடையாது. கண்கட்டு வித்தை என்பதுதான் பொருள். இருப்பதை மறைத்து, இல்லாததைக் காட்டும் மந்திரம்.

அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. இந்த மந்திரச் சொல்லின் தாய், இலக்கணத்தைக் குறிக்கும் கிராமர் என்ற சொல். பள்ளியில் எழுவாய், பயனிலை என்று படிக்கிறோமே, அந்தக் கிராமரேதான். இலக்கணம் எப்படி மந்திரமாக மாறியது, மந்திரம் எப்படி அழகாக மாறியது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

முதலில் ஸ்காட்ஸ் எது என்பதைத் தெளிவாக்கிவிடுவது நல்லது, பலருக்கும் இதில் குழப்பம் வரும். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் தவிர இரண்டு பழைய மொழிகள் உண்டு. ஒன்று கேலிக், அது ஐரிஷ் மொழிக்கு நெருங்கிய உறவு. இன்னொன்று ஸ்காட்ஸ், அது ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தின் வடக்கு வட்டார வழக்கு ஒன்று ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் தனியாக வளர்ந்து, அரசவையிலும் நீதிமன்றத்திலும் கவிதையிலும் புழங்கிய மொழியாயிற்று. 1707இல் இங்கிலாந்தோடு நாடாளுமன்றம் ஒன்றானபின் அதன் மதிப்பு சரிந்து, 'கொச்சை ஆங்கிலம்' என்று ஒதுக்கப்பட்டது. இன்றும் அதை வட்டார வழக்கு என்பாரும் உண்டு, தனிமொழி என்பாரும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று பதிந்தார்கள். இவ்வளவு பெரிய இலக்கியமும் தனி அகராதிகளும் உள்ள ஒன்றை மொழி என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எழுத்தைக் கண்டு வந்த பயம்

கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. கிரேக்கத்தில் கிராம்மா என்றால் எழுத்து. அதிலிருந்து எழுத்தைக் கற்கும் கலை என்ற பொருளில் ஒரு சொல் பிறந்து, லத்தீனில் கிராமட்டிகா ஆயிற்று, பழைய பிரெஞ்சில் கிராமேர், ஆங்கிலத்தில் கிராமர்.

இடைக்கால ஐரோப்பாவில் கிராமட்டிகா என்றால் இன்று நாம் நினைக்கும் பொருள் மட்டும் இல்லை. அது லத்தீன் படிப்பு. கல்வி என்றாலே அன்று லத்தீன்தான்: வேதம் லத்தீனில், சட்டம் லத்தீனில், மருத்துவம் லத்தீனில், வானியல் லத்தீனில். அந்தக் கல்வியின் முதல் வாசற்படி கிராமட்டிகா. ஊரில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகம் வைத்திருப்பவர் பாதிரியார் அல்லது துறவிமடத்துக்காரர். அவர் ஒரு தோல் கட்டுப் போட்ட நூலைத் திறந்து, யாருக்கும் புரியாத மொழியில் முணுமுணுத்தால் குழந்தைக்குப் பெயர் அமைகிறது, திருமணம் செல்லுபடியாகிறது, செத்தவனுக்குக் கதி கிடைக்கிறது. அதே ஆள் நட்சத்திரத்தைப் பார்த்துக் கிரகணம் வரும் நாளையும் சொல்கிறார். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இதில் எது படிப்பு, எது மந்திரம் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

ஆக, கிராமர் என்ற சொல்லில் மந்திரம் என்ற நிழல் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் அதே சொல் கொஞ்சம் உருமாறி கிரிம்வார் என்று ஆனது. இன்றும் அதற்கு மந்திர ஏடு என்று பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் கிராமரி என்ற வடிவம் முதலில் கல்வியையும், பிறகு மறைவான வித்தையையும் குறித்தது. ஸ்காட்லாந்தில் விளைந்த வடிவம்தான் கிளாமர். பழைய நூல்களில் கிளாமரி என்றும் வரும்.

இந்தப் பயத்துக்கு எலும்பும் சதையுமான ஓர் ஆள் உண்டு: மைக்கேல் ஸ்காட். சுமார் 1175இல் பிறந்தவர். ஸ்காட்லாந்துக்காரர் என்பதைப் பெயரே சொல்கிறது. 1217இல் ஸ்பெயினின் டொலேடோ நகரில் உட்கார்ந்து அரபு வானியல் நூலொன்றை லத்தீனில் மொழிபெயர்த்தார். அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதியவற்றையும் அரபு வழியாக லத்தீனுக்குக் கொண்டுவந்தார். பிறகு பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அவையில் சோதிடராகவும் அறிஞராகவும் இருந்தார். அரபும் லத்தீனும் தெரிந்த, அக்காலத்தின் மிகப் படித்த மனிதர்களில் ஒருவர் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஊர் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது தெரியுமா? மந்திரவாதியாக. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நரகத்தில் குறிசொல்பவர்களோடு அவரையும் தள்ளி, மாயப் பித்தலாட்டங்களின் ஆட்டத்தை நன்றாக அறிந்தவர் என்று எழுதிவைத்தார். ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில், மெல்ரோஸ் ஊருக்கு மேலே நிற்கும் ஐல்டன் குன்றுகள் மூன்று சிகரமாக இருப்பதற்குக் காரணமே அவர் போட்ட மந்திரம் என்று ஒரு கதை. தலையில் கல் விழுந்துதான் சாவு என்று தானே கணித்து இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்ததாகவும், தேவாலயத்தில் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றிய நேரம் பார்த்துக் கல் விழுந்ததாகவும் இன்னொரு கதை. மெல்ரோஸ் மடத்தில் அவர் மந்திரப் புத்தகத்தோடு புதைக்கப்பட்டார் என்பது மூன்றாவது. அரிஸ்டாட்டிலைப் பெயர்த்தவருக்கு அவருடைய சொந்த மண் கொடுத்த இடம் இது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். ஆனால் இலக்கணம் எப்படி மந்திரமாயிற்று என்ற கேள்விக்கு இவரைவிடத் தெளிவான விடை வேறில்லை.

ர எப்படி ல ஆனது?

சரி, பொருள் மாறியது புரிகிறது. கிராமர் எப்படிக் கிளாமர் ஆகும்? ஓசை இப்படி இஷ்டத்துக்கு மாறுமா?

இஷ்டத்துக்கு மாறாது, ஆனால் ர, ல இரண்டும் இடம் மாறுவது உலக மொழிகள் பலவற்றிலும் நடப்பது. தமிழ் இலக்கணத்தில் கடைப்போலி என்று படித்திருப்போம்: பந்தல் பந்தர் ஆகும், சாம்பல் சாம்பர் ஆகும், குடல் குடர் ஆகும். ஐரோப்பிய மொழிகளில் இதில் கூடுதலாக ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே சொல்லில் இரண்டு ர வந்தால் நாக்குக்கு அது சிரமம். இரண்டில் ஒன்றை ல ஆக்கிச் சுலபப்படுத்திக்கொள்ளும். லத்தீனில் வெளியூர்க்காரனுக்குப் பெயர் பெரெக்ரீனஸ், இரண்டு ர. அதில் ஒன்று ல ஆகித்தான் யாத்திரிகரைக் குறிக்கும் பில்கிரிம் என்ற ஆங்கிலச் சொல் வந்தது. ஊதா நிறத்துக்கான பர்ப்பிள், சலவைக்கல்லுக்கான மார்பிள் இரண்டுமே இதே வழியில் கடைசி ர-வை ல-வாக மாற்றிக்கொண்டவை. கிராமரிலும் இரண்டு ர இருக்கிறது. முதல் ர ல ஆனால் கிளாமர்.

இது வெறும் ஊகம் என்று தோன்றினால், இன்னொரு சான்றையும் பார்க்கலாம். இடைக்காலக் கேம்பிரிட்ஜில் லத்தீன் இலக்கணம் சொல்லித்தரும் பள்ளிகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருந்தார். அவருடைய பதவிப் பெயர் 'குளோமரி ஆசான்'. அந்தக் குளோமரி என்பது கிராமர் திரிந்த வடிவமே. 1276இல் ஈலி நகர ஆயர், இந்த ஆசானுக்கும் பல்கலைக்கழகத் தலைவருக்கும் யார் அதிகாரம் எதுவரை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை, நிர்வாகத் தகராறு. ஆனால் அந்தத் தகராறினால் நமக்கு ஒரு நல்ல ஆவணம் கிடைத்தது. கிராமரின் ர ல ஆவது ஸ்காட்லாந்தில் மட்டும் நடந்த விந்தை அல்ல என்று அது காட்டுகிறது.

வேறு ஒரு கருத்தும் முன்பு இருந்தது. பழைய நார்ஸ் மொழியில், அதாவது வைக்கிங்குகளின் மொழியில், கிளாம் என்று தொடங்கும் சொற்கள் உண்டு. ஐஸ்லாந்தின் கிரெட்டிர் என்ற வீரனின் கதையில் கிளாம் என்பது ஒரு பேயின் பெயர். கிரெட்டிர் அதை அடித்து வீழ்த்துகிறான், ஆனால் சாகும் முன் அதன் கண்கள் நிலா வெளிச்சத்தில் உருண்டு அவனைப் பார்த்த பார்வை அவனை வாழ்நாள் முழுக்க விடவில்லை. அதற்குப் பிறகு இருட்டில் தனியே இருக்க அவனால் முடியவில்லை. இருப்பதை விட்டு வேறொன்றைக் காண்கிறவர்களுக்குக் 'கிளாமின் பார்வை' வந்துவிட்டது என்று சொல்லும் வழக்கு இதிலிருந்தே வந்தது என்று அந்தக் கதையே விளக்குகிறது. பொருள் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது பாருங்கள். ஸ்காட்லாந்தில் வைக்கிங்குகள் குடியேறியதும் உண்மை. இருந்தும் இன்றைய அகராதிகள் கிராமர் பக்கமே நிற்கின்றன. பேய்க்கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் ஆதாரம் இலக்கணத்தின் பக்கம்தான் கனமாக இருக்கிறது.

கண்ணின் மேல் எறிவது

இப்போது அந்தச் சொல்லை ஸ்காட்லாந்து மக்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கலாம். இங்கேதான் அதன் அசல் பொருள் முழுதாகப் புலப்படும்.

ஆலன் ராம்சே என்பவர் எடின்பரோவில் பொய்முடி செய்யும் தொழிலாளியாக இருந்து, கவிஞராகி, புத்தக வியாபாரியும் ஆனவர். 1721இல் தன் கவிதைத் தொகுப்பை வெளியிட்டபோது, ஸ்காட்ஸ் தெரியாத வாசகர்களுக்காகப் பின்னால் ஒரு சொற்பட்டியல் சேர்த்தார். அதில் கிளாமருக்கு அவர் தரும் விளக்கம் இப்படிப் போகிறது: பிசாசுகளோ மந்திரவாதிகளோ செப்பிடு வித்தைக்காரர்களோ பார்வையை ஏமாற்றும்போது, பார்ப்பவர் கண்களின் மேல் கிளாமரை எறிகிறார்கள் என்று சொல்வது வழக்கம்.

எறிவது என்ற வினையைக் கவனியுங்கள். எறியப்படுவது பார்ப்பவரின் கண்மேல். பார்க்கப்படும் பொருளில் எந்த மாற்றமும் இல்லை. ஓட்டைக் குடிசை ஓட்டைக் குடிசையாகவே இருக்கிறது. உன் கண்ணுக்கு மட்டும் அது அரண்மனை. இன்று 'அவருக்கு கிளாமர் இருக்கிறது' என்கிறோம், அதாவது அது ஒருவரிடம் இருக்கும் குணம். அன்று அது யாரிடமும் இருப்பதில்லை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பழைய ஸ்காட்ஸ் பாடல்கள் எல்லாம் தெளிவாகிவிடும்.

ராம்சே அதற்கு முந்தைய வருடம், 1720இல், இந்தச் சொல்லைப் போட்டது எதைப் பற்றிய கவிதையில் என்றால், பங்குச் சந்தை பற்றிய கவிதையில்! அது தென்கடல் கம்பெனி மோசடியின் ஆண்டு. அந்தக் கம்பெனியின் பங்கு கோடையில் ஆயிரம் பவுன் அளவுக்கு ஏறி, வருடம் முடிவதற்குள் இருநூறுக்கும் கீழே விழுந்தது. எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பணக்காரியாக வேண்டும் என்று ஆன்மாவையே விற்கும் ஒரு சூனியக்காரியின் கண்களில், பிசாசு தன் ஏமாற்றுக் கிளாமரை எறிவதை ராம்சே அங்கே உவமை காட்டுகிறார். இந்தச் சொல்லுக்கு அகராதிகள் காட்டும் மிகப் பழைய அச்சுச் சான்றுகளில் இதுவும் ஒன்று. இதைவிடப் பொருத்தமான இடத்தில் ஒரு சொல் அச்சேறியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஊர்ப்புறத்தில் கிளாமர் யாருடைய வித்தை? மூன்று கூட்டத்தாரைச் சொல்வார்கள்: சூனியக்காரர்கள், ஜிப்சிகள், தேவதைகள்.

ஜிப்சிகளைப் பற்றிய பாட்டு ஒன்று மிகவும் புகழ்பெற்றது. நாடோடி ஜிப்சிகள் ஒரு பிரபுவின் வாசலில் வந்து இனிமையாகப் பாடுகிறார்கள். பிரபுவின் மனைவி மாடிப்படியில் இறங்கி வருகிறாள். அவளுடைய அழகான முகத்தைக் கண்டதும் அவர்கள் அவள்மேல் கிளாமரை எறிகிறார்கள். அவ்வளவுதான், பட்டுடுப்பையும் மெத்தையையும் விட்டுவிட்டு அவள் அவர்களோடு போய்விடுகிறாள். அழகு இருப்பது அவளிடம், கிளாமர் இருப்பது அவர்கள் கையில் என்பது பாட்டில் வெளிப்படையாக இருக்கிறது. அவர்களின் தலைவன் பெயர் ஜானி ஃபா. காசிலிஸ் பிரபு குடும்பத்தில் உண்மையில் நடந்தது என்று ஏர்ஷயர் வட்டாரத்தில் நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் அந்த அம்மையார் 1642இல் இறந்தபோது கணவர் எழுதிய கடிதம் அன்போடும் துக்கத்தோடும்தான் இருக்கிறது. பாட்டு சொல்வது போல எதுவும் நடந்ததற்கான அடையாளம் இல்லை.

நடந்தது வேறு. ஜிப்சிகள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று அன்று தவறாக நம்பினார்கள். 1609இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, நாட்டைவிட்டுப் போகாத 'எகிப்தியருக்கு' மரண தண்டனை. எகிப்தியன் என்று ஊரார் அறிந்திருப்பதே போதும், வேறு குற்றம் நிரூபிக்க வேண்டாம். 1624இல் ஜான் ஃபா என்ற தலைவரையும் அவரோடு வேறு சிலரையும் எடின்பரோவில் இந்தச் சட்டத்தின் கீழ் தூக்கிலிட்டார்கள். சூனியத்துக்கு எதிரான சட்டமும் 1563 முதல் 1736 வரை இருந்தது. அதில் சிக்கிய ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 'கண்ணைக் கட்டிவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டு பாட்டில் கேட்க இனிமையாக இருக்கும். அது யார்மேல் விழுந்ததோ அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இந்தச் சொல்லின் வரலாற்றை எழுதும்போது இதைத் தாண்டிப் போகக்கூடாது.

மூன்றாவது, தேவதைகள். ஸ்காட்லாந்துக் கதைகளில் வரும் தேவதைகள் சிறகு முளைத்த குட்டிப் பெண்கள் இல்லை. குன்றுகளுக்கு அடியில் குடும்பம் நடத்துகிற, மனிதரைப் போலவே இருக்கிற, கோபம் வந்தால் ஆபத்தான ஒரு கூட்டம். அவர்களைப் பற்றி பிரிட்டன் முழுக்கப் பல வடிவங்களில் சொல்லப்படும் ஒரு கதை கிளாமரை அருமையாக விளக்கும். நள்ளிரவில் ஒருவன் வந்து மருத்துவச்சியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிறான். பெரிய மாளிகை, பட்டுத் திரை, வெள்ளிப் பாத்திரம். குழந்தை பிறந்ததும் அதன் கண்ணில் தடவச் சொல்லி ஒரு களிம்பு தருகிறார்கள். தடவும்போது அவளுடைய ஒரு கண்ணில் அரிப்பெடுக்க, களிம்புக் கையாலேயே தேய்த்துக்கொள்கிறாள். அந்தக் கண்ணில் மட்டும் மாளிகை மறைந்து ஈரம் சொட்டும் குகை தெரிகிறது. தாய் படுத்திருப்பது காய்ந்த புல்லின் மேல். வாயைத் திறக்காமல் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறாள். பிறகொரு நாள் சந்தையில், யார் கண்ணுக்கும் தெரியாமல் கடைகளில் திருடிக்கொண்டிருக்கும் அதே ஆளைப் பார்த்து, குழந்தை சௌக்கியமா என்று கேட்டுவிடுகிறாள். 'எந்தக் கண்ணால் என்னைப் பார்க்கிறாய்?' என்கிறான். சொல்கிறாள். அந்தக் கண்ணின் பார்வையைப் பறித்துவிட்டுப் போகிறான்.

கிளாமரைத் தகர்க்க அந்தக் களிம்பு தவிர வேறு வழிகளும் சொல்லப்பட்டன. நான்கு இலை உள்ள குளோவர் செடியைக் கையில் வைத்திருப்பவர் கண்ணுக்கு உள்ளது உள்ளபடி தெரியும் என்பார்கள். ஓடும் தண்ணீரைத் தாண்டினால் மந்திரம் அறுந்துபோகும் என்பதும் பழைய நம்பிக்கை.

பர்ன்ஸ், ஸ்காட், ஹாலிவுட்

ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1789இல், கேப்டன் கிரோஸ் என்ற பழம்பொருள் ஆய்வாளர் ஊர் ஊராகச் சுற்றுவதைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். அதில் கிளாமரில் தொழில் நடத்தும் ஜிப்சிக் கூட்டத்தாரையும், நரகத்தின் கரிய கிராமரைக் கரைத்துக் குடித்தவர்களையும் அடுத்தடுத்த வரிகளில் கூப்பிடுகிறார். கிளாமரும் கிராமரும் எதுகை போலச் சேர்ந்து நிற்கின்றன. தாயும் மகளும் ஒரே கவிதையில் பக்கத்தில் பக்கத்தில். கிராமருக்கு அப்போதும் மந்திரப் பொருள் இருந்தது என்பதற்கும் இந்த வரிகளே சாட்சி.

சொல்லை ஆங்கில உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் வால்டர் ஸ்காட். 1805இல் வெளிவந்த அவருடைய நீண்ட கதைக்கவிதை, கடைசிப் பாணனின் பாட்டு என்று பொருள்படும் தலைப்பு கொண்டது. இங்கிலாந்திலும் விற்றுத் தீர்ந்தது. அதில் மேலே பார்த்த மைக்கேல் ஸ்காட்டின் மந்திரப் புத்தகம்தான் மையம். மெல்ரோஸ் கல்லறையிலிருந்து எடுத்த அந்தப் புத்தகம், காயம்பட்டுக் கிடக்கும் ஒரு வீரனிடமிருந்து குறும்புக்காரக் குட்டிச்சாத்தான் ஒருவன் கைக்குப் போகிறது. ஒரே ஒரு சிறிய மந்திரத்தை மட்டும் படிக்கிறான். அதற்குள் ஏதோ ஒரு கை அறைந்து புத்தகம் மூடிக்கொள்கிறது. படித்த அந்த ஒன்று கிளாமர் மந்திரம். சிறைச் சுவரின் ஒட்டடை அரண்மனைத் திரைச்சீலையாகத் தோன்றும், கொட்டை ஓடு பொன் முலாம் பூசிய படகாகத் தோன்றும், ஆட்டிடையன் குடிசை பெரிய மாளிகையாகத் தோன்றும், இளமை முதுமையாகவும் முதுமை இளமையாகவும் தோன்றும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார் ஸ்காட். எல்லாமே தோன்றும்தான், எதுவும் ஆகாது.

அப்புறம் அந்தக் குட்டிச்சாத்தான் காயம்பட்ட வீரனைக் கோட்டைக்குள் கொண்டுபோகிறான். காவலர்கள் ஒரு வைக்கோல் வண்டி போனதைத்தான் பார்த்தோம் என்று சத்தியம் செய்கிறார்கள். கோட்டையின் சிறுவனை வெளியே கூட்டிப் போகும்போது காவலர்கள் கண்ணுக்கு இரண்டு நாய்கள் போவது மட்டும் தெரிகிறது. காட்டு வழியில் ஓடை குறுக்கிட்டதும் மந்திரம் கலைகிறது. ஊர்க்கதைகளில் கேட்ட நம்பிக்கையை எல்லாம் ஸ்காட் அப்படியே பயன்படுத்தியிருக்கிறார். கூடவே, பொருளின் தோற்றம் உண்மைக்கு முற்றிலும் வேறாகத் தெரியும்படி பார்ப்பவர் கண்ணை ஏமாற்றும் சக்தியே கிளாமர் என்று குறிப்பும் எழுதிவைத்தார். ஆங்கிலேயருக்கு அது தேவைப்பட்டது. அவர்கள் கேள்விப்படாத சொல் அது.

இதற்குப் பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். மந்திரத்தில் நம்பிக்கை போய்விட்ட வாசகர்கள் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பழைய காலத்தின் மேல் ஒரு கிளாமர், தூர தேசத்தின் மேல் ஒரு கிளாமர் என்று உருவகமாக எழுத ஆரம்பித்தார்கள். 1840 வாக்கில் மயக்கும் அழகு என்ற பொருள் வந்துவிட்டது. எறிகிற கை மறைந்தது. ஏமாறுகிற கண்ணும் மறைந்தது. பார்க்கப்படும் பொருளோடு சொல் ஒட்டிக்கொண்டது.

1930களில் ஹாலிவுட் இதை முழுக்கத் தனதாக்கிக்கொண்டது. நடிகைகளின் படங்களை ஜார்ஜ் ஹர்ரல் போன்ற புகைப்படக்காரர்கள் எடுத்த விதத்தை அறிந்தால், பழைய பொருள் முழுதாகச் சாகவில்லை என்பேன். ஒரே திசையிலிருந்து வரும் கூர்மையான விளக்கு, ஆழமான நிழல், பிறகு நெகடிவின் மேலேயே பென்சிலால் திருத்தம். நடிகை ஜோன் கிராஃபோர்டின் முகத்தில் நிறையப் புள்ளிகள் உண்டு. ரசிகர்கள் கைக்குப் போன படத்தில் ஒன்றுகூட இருக்காது. 1939இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெண்கள் பத்திரிகை கிளாமர் என்ற சொல்லையே பெயராக வைத்துக்கொண்டது. முதலில் அதன் முழுப்பெயர் 'ஹாலிவுட்டின் கிளாமர்'. நம் சினிமாப் பத்திரிகைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த ஹாலிவுட் கிளாமர்தான், ராம்சேயுடையது அல்ல.

பழைய பொருளில் இந்தச் சொல்லை இன்று சந்திக்க வேண்டுமென்றால் இரண்டு இடம் உண்டு. தேவதைகளும் இரத்தக்காட்டேரிகளும் வரும் இன்றைய ஆங்கில மாயக்கதைகளில், உருவத்தை மாற்றிக்காட்டும் மந்திரத்துக்குக் கிளாமர் என்றுதான் பெயர். அதை வினைச்சொல்லாகவும் எழுதுகிறார்கள். அங்கே யாராவது 'கிளாமர் போட்டுவிட்டாள்' என்றால் அலங்காரம் செய்துகொண்டாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று ஸ்காட்ஸ் அகராதி. பழைய ஸ்காட்ஸுக்கு 12 தொகுதி, 1700க்குப் பிந்தைய ஸ்காட்ஸுக்கு 10 தொகுதி என்று இருபதாம் நூற்றாண்டு முழுக்க உழைத்து உருவாக்கிய இரண்டு பேரகராதிகள் 2004 முதல் இணையத்தில் ஒன்றாக, இலவசமாகக் கிடைக்கின்றன. கிளாமரின் பல எழுத்துக்கூட்டல்களும் பழைய மேற்கோள்களும் அங்கே இருக்கின்றன.

எழுத்துக்கூட்டல் என்றதும் கடைசியாக ஒன்று. அமெரிக்கர்கள் நிறம், மரியாதை, உழைப்பு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முடிவில் வரும் யு எழுத்தை நீக்கிவிட்டார்கள் அல்லவா? கிளாமரில் மட்டும் பெரும்பாலும் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். மற்றவை லத்தீனிலிருந்து ஒரே வகை ஈற்றோடு வந்த சொற்கள். அவற்றை ஒரு விதியில் திருத்த முடிந்தது. கிளாமர் அந்த வரிசையில் வந்த சொல் இல்லை. ஸ்காட்லாந்துக் கவிதைகளில் எப்படி அச்சாகி வந்ததோ, அந்த உடையிலேயே அது அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் நின்றுவிட்டது.